நகரம் நம்மைத் துப்பறிகிறது

"துப்பறியும் நாவல்லயும் போய் சாதியத் தேடுவீங்களா தோழர்? பொழுதுபோக்குன்னு ஒண்ணையாவது விட்டுவைங்க" என்று சிரித்தார் நண்பர் ஒருவர். கெட்டவர் இல்லை. நம் கூட்டங்களுக்கு வருகிறவர். ஆணவக்கொலைக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் என்னோடு வெயிலில் நின்றவர். வால்டர் மோஸ்லி எழுதிய 'டெவில் இன் எ ப்ளூ டிரஸ்' நாவலைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதற்குத்தான் அந்தச் சிரிப்பு. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். நான் சாதியைத் தேடிப் போகவில்லை தோழர். அந்த நாவலைப் படித்த இரண்டு மாதமும் சாதிதான் என்னைத் தேடிக்கொண்டிருந்தது.

சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டை முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. விடுதியில் இருக்கும் காலம் முடிந்துவிட்டது. நானும் தோழி ஒருத்தியும் தென்சென்னையில் தெருத்தெருவாக அலைந்தோம். ஐந்தாவதாகப் பார்த்த வீடு பிடித்திருந்தது. ஓனர் அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். கூடத்தில் பெரியார் படம் மாட்டியிருந்தது. "எங்களுக்குச் சாதி மதமெல்லாம் கிடையாதும்மா" என்று அவரே ஆரம்பித்தார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் கேள்விகள் தொடங்கின.

"சொந்த ஊரு எது?"

மாவட்டத்தைச் சொன்னேன்.

"அதுல எங்க?"

தாலுக்காவைச் சொன்னேன்.

"அட, எங்க மருமகனுக்கும் அந்தப் பக்கம்தான். எந்தக் கிராமம்?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?"

"பஸ் ஸ்டாப் பக்கம் சார்."

"அப்பா என்ன பண்றாரு?"

"ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆயிட்டாரு."

"நல்லது, நல்லது. எந்த ஸ்கூல்ல?"

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. அப்பா வேலை பார்த்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளியில்.

கவனியுங்கள். அவர் ஒருமுறைகூட 'நீ என்ன சாதி' என்று கேட்கவில்லை. கேட்டால் அது அநாகரிகம் என்பது அவருக்குத் தெரியும். ஊர், தெரு, தொழில், பள்ளி என்று ஒவ்வொரு துப்பாகச் சேகரித்தார். 1887இல் அச்சில் வந்த முதல் கதையிலேயே ஷெர்லாக் ஹோம்ஸ், வாட்சனைப் பார்த்தவுடன் அவர் ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர் என்று சொல்லி அசத்துவார். அதற்கு ஹோம்ஸுக்கு மேதைமை தேவைப்பட்டது. நம் வீட்டு ஓனருக்கு எந்த மேதைமையும் வேண்டாம். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுப் பழக்கத்தில் வளர்ந்திருந்தால் போதும்.

இதனால்தான் சொல்கிறேன், துப்பறியும் நாவல் நமக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. அது பெருநகரத்தில் பிறந்த வடிவம். எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய கதை பாரிஸில் நடக்கிறது. ஹோம்ஸ் லண்டன்காரர். கிராமத்துக்குத் துப்பறிவாளர் தேவையில்லை. அங்கே யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும். நகரத்தில்தான் பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாது. அந்தத் தெரியாமை வசதியானவர்களுக்குப் பயத்தைக் கொடுத்தது. அந்தப் பயத்தைத் தீர்க்க வந்தவர்தான் துப்பறிவாளர். அந்நியனின் செருப்புச் சேற்றைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, 'இவன் இன்னார்' என்று சொல்லிவிடுவார். வாசகருக்கு நிம்மதி.

ஆனால் நமக்கு? அந்தத் தெரியாமைதான் நமக்கு விடுதலை. கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று அம்பேத்கர் சொன்னதன் பொருள் அதுதான். ஊரில் என் தாத்தா டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவர். நான் இங்கே யாரும் யார் என்று கேட்காத கடையில் எல்லோரும் குடிக்கும் கண்ணாடிக் குவளையில் குடிக்கிறேன். எனக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது நகரத்தின் நல்ல மனம் இல்லை. என்னைத் தெரியாது என்பதுதான். ஆக, ஆளை அடையாளம் கண்டுபிடிப்பதையே இன்பமாகக் கொண்ட ஓர் இலக்கிய வடிவம் யார் பக்கம் நிற்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

நான் துப்பறியும் கதைகளை வெறுப்பவள் இல்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவல்களைப் படித்துத்தான் வாசிக்கவே பழகினேன். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா எல்லோரும் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தார்கள். அப்பாவும் நானும் முதலில் யார் படிப்பது என்று சண்டை போட்டிருக்கிறோம். இன்று திரும்பிப் பார்க்கும்போது ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இவர்களில் யாரிடமாவது, எந்த பங்களா வாசலிலாவது, 'தம்பி, உங்களுக்கு எந்த ஊரு' என்று யாராவது கேட்டார்களா? காலிங் பெல் அடிக்கிறார்கள், கதவு திறக்கிறது. சோபாவில் உட்காருகிறார்கள், காபி வருகிறது. அதே கோப்பையில்.

இவர்களுக்குச் சாதி சொல்லப்படவில்லை, ஆகவே இவர்கள் சாதி கடந்தவர்கள் என்று வாதிடலாம். தமிழில் இந்த வகை எழுத்தின் தொடக்கத்தில் இருப்பவர்கள் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். அன்று அட்டையிலேயே சாதி இருந்தது. பிறகு அது அட்டையிலிருந்து இறங்கிவிட்டது. இறங்கிப் போய் எங்கே உட்கார்ந்தது? எவரும் கேள்வி கேட்காத அந்த நாயகனின் உடல்மொழியில் உட்கார்ந்தது. சாதி சொல்லாமல் இருக்கும் வசதி, சாதியைக் கேட்க வேண்டிய தேவை இல்லாதவர்களுக்கே கிடைக்கிறது. நான் படித்தவரை அந்தக் கதைகளில் நம்முடைய ஆட்களும் வருவார்கள். குப்பத்தில் ஒளிந்திருக்கும் ரௌடியாக, நகை காணாமல்போனால் முதலில் விசாரிக்கப்படும் வேலைக்காரியாக, எதையோ பார்த்துவிட்டு மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போகும் வாட்ச்மேனாக. விசாரிக்கப்படுவோம். விசாரிக்க மாட்டோம்.

மோஸ்லியின் நாவல் இந்த இடத்தில்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. 1990இல் வெளியான நாவல். கதை நடப்பது 1948, லாஸ் ஏஞ்சல்ஸ். நாயகன் ஈஸி ராலின்ஸ் கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர். விமானத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது. அவருக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. அந்த வீட்டை அவர் மனிதரை நேசிப்பதுபோல் நேசிக்கிறார். கடன் தவணை கட்டாவிட்டால் வீடு போய்விடும். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரன் வந்து பணம் தருகிறேன் என்கிறான். டாஃப்னி மோனே என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் கறுப்பின மக்களின் இசை விடுதிகளுக்குப் போகிறவர். வெள்ளைக்காரன் அங்கே போய் விசாரிக்க முடியாது. ஈஸியால் முடியும்.

ஈஸி துப்பறிய வந்தது அறிவுப் பசிக்காக இல்லை, தலைக்கு மேல் கூரைக்காக. அது மட்டுமா? பணம் கொடுத்தவனைச் சந்திக்கக் கடற்கரைப் பாலத்தில் காத்திருக்கிறார். ஒரு வெள்ளைக்காரப் பெண் தானாக வந்து பேச்சுக் கொடுக்கிறாள். உடனே வெள்ளை இளைஞர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். மற்ற நாவல்களில் துப்பறிவாளர் தெருமுனையில் சிகரெட்டோடு நிற்பது ஸ்டைல். ஈஸி நின்றால் அது குற்றம். பிறகு போலீஸ் அவரை அள்ளிக்கொண்டு போய் அடிக்கிறது. குற்றத்தை விசாரிப்பவரும் அவரே, குற்றத்துக்காக விசாரிக்கப்படுபவரும் அவரே. வெள்ளைக்காரர்களிடம் ஒரு மொழி, தன் ஆட்களிடம் ஒரு மொழி பேசுகிறார். கருத்தரங்கில் ஒரு தமிழும் அம்மாவிடம் போனில் வேறு தமிழும் பேசும் எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி முடிவைச் சொல்லப்போகிறேன். தெரிய வேண்டாம் என்பவர்கள் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

இந்தக் கதையில் கொலைகள் உண்டு, கொலையாளிகள் உண்டு. ஆனால் பெரிய மர்மம் கொலை இல்லை, டாஃப்னியின் பிறப்பு. அவர் வெள்ளைக்காரப் பெண் அல்ல. கறுப்பினத் தாய்க்குப் பிறந்த ரூபி. நிறம் அனுமதித்ததால் வேறு பெயரில் வேறு ஆளாக வாழ்கிறார். அதை ஈஸி மூளையால் கண்டுபிடிக்கவில்லை. ரூபியை ஏற்கனவே தெரிந்த மௌஸ் என்ற பழைய நண்பன் வந்து சொல்லிவிடுகிறான். அத்தோடு டாஃப்னி முடிந்தார். அவர் அந்த நகரத்தை விட்டுப் போகிறார்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்தேன். எனக்கு அந்த வாரம்தான் வீட்டு ஓனரிடம் இருந்து போன் வந்திருந்தது.

அன்று அவர் கூடத்தில் நடந்ததன் மீதியைச் சொல்லிவிடுகிறேன். 'எந்த ஸ்கூல்ல' என்ற கேள்விக்கு "கவர்மென்ட் ஸ்கூல்தான் சார்" என்றேன். அடுத்து, வாடகை எப்படிக் கட்டுவாய் என்று கேட்டார். ஆய்வு உதவித்தொகை வருகிறது என்றேன். "எது? ஜே.ஆர்.எஃப்-பா?" என்றார். விவரம் தெரிந்தவர். எனக்கு வருவது பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை. போராடி வாங்கிய உரிமை அது. அது தாமதமானபோதெல்லாம் அதற்காகக் குரல் கொடுத்து, அந்தப் பெயரைப் பதாகையில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு, பெரியார் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "ஆமா சார், ஜே.ஆர்.எஃப்" என்றேன்.

மூன்றாம் நாள் போன். "மருமகன்கிட்டப் பேசினேம்மா. ஊர்ல உங்க அப்பாவ நல்லாத் தெரியுமாம். ரொம்ப நல்ல மனுஷன்னு சொன்னாரு. ஆனா பாரு, திடீர்னு எங்க சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு அவங்களுக்கு வேணுமாம்." எனக்கும் ஒரு மௌஸ் இருந்திருக்கிறான். வீடு போனது பெரிய வலி இல்லை. நான் பொய் சொன்னேன் என்பதும் அவருக்குத் தெரியும் என்பதுதான் இன்னும் வயிற்றில் கிடக்கிறது. அவர் செய்ததற்கு நான் வெட்கப்படுகிறேன். இதுதான் சாதியின் வெற்றி.

இந்தப் பொய்க்கு என்னைக் குறை சொல்ல நினைப்பவர்கள் பரோடாவுக்குப் போய் வாருங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க இடம் இல்லை. பார்சி விடுதியின் பதிவேட்டில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்து நின்று, நீ யார் என்று கேட்டார்கள். அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அவர் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு பம்பாய்க்கு ரயில் ஏறினார். அந்தத் துப்பறிவாளர்களுக்கும் என் ஓனருக்கும் நடுவில் நூறு வருடம் இருக்கிறது. தடி மட்டும் போனாக மாறியிருக்கிறது.

இனமும் சாதியும் ஒன்றா, அமெரிக்காவை இங்கே ஒட்டவைக்கலாமா என்று கேட்பார்கள். ஒன்றல்ல. அதைத்தான் நானும் சொல்கிறேன். அங்கே நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. டாஃப்னி போன்றவர் விதிவிலக்கு. அதனால்தான் அவர் கதை மர்மக் கதையாக முடிகிறது. இங்கே சாதி உடம்பில் எழுதப்படவில்லை. நகரத்துக்கு வந்த நாம் எல்லோருமே டாஃப்னிதான். ஆகவே இங்கே சாதியைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துப்பறிவாளர் இருந்தாக வேண்டும். இருக்கிறார். வீட்டு ஓனராக, ஹாஸ்டல் அறைத்தோழியாக, 'உங்க குலதெய்வம் எது' என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்கும் அலுவலக நண்பராக, 'கவுச்சி சாப்பிடுவீங்களா' என்று கேட்கும் புரோக்கராக. நிறவெறிச் சமூகத்துக்குக் கண் போதும். சாதிச் சமூகத்துக்கு விசாரணை வேண்டும்.

சட்டமாவது நம் பக்கம் இருக்கிறதா? ஈஸியின் கதை நடக்கும் அதே 1948இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையர் அல்லாதவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 1968இல் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. அதனால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிடவில்லை, ஆனால் வழக்குப் போட ஒரு சட்டம் இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றம் 2005இல் என்ன சொன்னது? அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வைத்திருந்த விதி செல்லும் என்றது. தனியார் வீட்டு வாடகையில் சாதி பார்ப்பதை நேராகத் தடுக்கும் தனிச் சட்டம் இன்றுவரை இங்கே இல்லை. 'என் வீடு, என் இஷ்டம்' என்பதே சட்டமாக இருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்மை யார் என்று கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. கண்டுபிடித்தபின் நம்மைச் சந்தேகப் பட்டியலில் முதலில் வைப்பார்கள். துப்பறியும் கதைகளின் பெருமையான விரல்ரேகை எங்கே வளர்ந்தது தெரியுமா? 1897இல் கல்கத்தாவில்தான் விரல்ரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்து யார்டுக்கு அது 1901இல்தான் போனது. அந்த ரேகை யார்மீது பாய்ந்தது? 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறப்பையே குற்றமாக்கி, மொத்தச் சமூகங்களின் கைரேகையையும் எடுத்தார்கள். கைரேகைச் சட்டம் என்றுதான் நம் மக்கள் அதைச் சொன்னார்கள். 1920இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றம் நடந்தபின் குற்றவாளியைத் தேடுவது கதையில். இங்கே குற்றவாளியை முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

யார் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் என்பதும் அப்படியே முடிவானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். யார் எரித்தார்கள் என்பதில் ஊருக்கு எந்த மர்மமும் இல்லை. உயர் நீதிமன்றத்துக்குத்தான் மர்மம் வந்தது. வசதியான நிலக்கிழார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று கருதி விடுதலை செய்தது. இதைவிட மோசமான துப்பறியும் தர்க்கத்தை எந்த மாத நாவலிலும் நான் படித்ததில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், அதே மக்களைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். விசாரணையின் பார்வை முதலில் யார் பக்கம் திரும்பும் என்பதை நாம் எப்போதோ படித்துவிட்டோம்.

நண்பருக்கு வருகிறேன். பொழுதுபோக்கில் சாதி தேடாதே என்கிறீர்கள். உங்களுக்குப் பொழுதுபோக்காக இருப்பது எனக்கு நேர்முகத் தேர்வாக இருக்கிறது. அந்நியரைக் குடைந்து பிறப்பைக் கண்டுபிடிப்பது சுவாரசியம் என்று நம் எல்லோருக்கும் பழக்கியதில் கதைகளுக்கும் பங்கு உண்டு. அதற்காக அவற்றைத் தடை செய்யச் சொல்லவில்லை. படியுங்கள், நானும் படிப்பேன். ஆனால் தமிழில் நம் ஈஸி ராலின்ஸ் எங்கே என்று கேளுங்கள். சேரியில் பிறந்து சென்னைக்கு வந்த ஒருத்தி துப்பறியட்டும். அவள் காலிங் பெல் அடித்தால் கதவு பாதிதான் திறக்கும். போலீஸ் முதலில் அவளைத்தான் உட்கார வைக்கும். கொன்றது யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் வாய் மூடி இருந்தவர்கள் யார் யார் என்பதை அவள் கண்டுபிடிக்கட்டும். அந்த நாவலை யாராவது எழுதுங்கள். வாடகைப் பணத்தில் மிச்சம் பிடித்தாவது வாங்கிக்கொள்கிறேன்.

நாவல் வரும்வரை செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டு வாடகையில் சாதிப் பாகுபாட்டைக் குற்றமாக்கும் சட்டத்தை நம் இயக்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் மேலே கொண்டுவர வேண்டும். சமூகநீதி பேசும் அரசுகளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? இன்னொன்று, இதைப் படிக்கும் ஆதிக்கச் சாதி முற்போக்குத் தோழர்களுக்கு. நண்பருக்கு வீடு பார்த்துக் கொடுக்கும்போது ஓனர் உங்களைத் தனியாக அழைத்து, 'அவங்க எந்த ஆளுங்க' என்று கேட்பார். உங்களை மட்டும்தான் கேட்பார், ஏனென்றால் உங்களைத் தன் ஆளாக நினைக்கிறார். அந்த இடத்தில் நீங்கள் சொல்லும் பதில்தான் உங்கள் அரசியல். மழுப்பாமல் அங்கேயே, அவர் முகத்துக்கு நேராக, ஏன் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள்.

ஆறாவது வீட்டில், அந்த அம்மா ஊரைக் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். அப்பா ஆதிதிராவிடர் நலப் பள்ளித் தலைமையாசிரியர், எனக்கு வருவது பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை என்று. போன் பண்ணுகிறேன் என்றார். பண்ணவில்லை. ஏழாவது, எட்டாவதிலும் அதையே சொன்னேன். ஒன்பதாவதில் வீடு கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். எல்லோராலும் இப்படிச் சொல்ல முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். மறைப்பவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் புகாரெல்லாம் துப்புத் தேடுபவர்மீதுதான்.